குடியேற்ற ஆட்சிக்கால இல்லங்களில் ஆயா

அகத்திணை மரபிலே செவிலிக்குத் தனியானதோர் இடமுண்டு. தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகளே தோழியாவாள் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவி உடன்போக்கிற் சென்றபின் பாலை வழியே அவளைத் தேடிச் செல்பவளும் பெற்ற தாயல்லள், வளர்த்த தாயே. 'செவிலி கூற்று' எனத் தனியே ஒரு பகுப்பினை அமைத்து, பிறள் பெற்ற பிள்ளையை வளர்த்தவளின் சொல்லுக்குச் செய்யுளில் இடமளித்த மரபு அது. அம்மரபு வாழ்க்கையை உள்ளவாறே காட்டுவதன்று; நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்பதை மறத்தலாகாது. எனினும், செவிலி பேசினாள்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளின் பின்னர் அதே பணியைச் சம்பளத்துக்குச் செய்த ஆயாவின் பேச்சு நமக்குக் கிடைத்திலது. அவள் பேசாதிருந்தாள் என்பதன்று. அவள் பேசியதை எவரும் எழுதி வைத்திலர் என்பதே பொருத்தமாகும். பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள், கடிதங்கள், இல்லப் பரிபாலனக் கைந்நூல்கள், கப்பற் பயணிகளின் பட்டியல்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் ஆகிய யாவற்றிலும் அவள் காணப்படுகின்றாள். ஆனால் அவற்றுள் ஒன்றேனும் அவள் கையால் ஆனதன்று. அவளது உழைப்பு மாதச் சம்பளத்துக்கு வாங்கப்பட்டது. அவ்வுழைப்புப் பற்றிய பேச்செல்லாம் பாசம் என்ற பெயரிலே நிகழ்ந்தது. சம்பளத்துக்கும் பாசத்துக்கும் இடையேயிருந்த அந்த இடைவெளியிலேதான் அவளுக்குரிய உரிமைகள் பல காணாமற் போயின.

ஆயா என்னுஞ் சொல்லின் வரலாறே ஒரு வகையில் இத்தொழிலின் வரலாறாகும். தமிழில் ஆய், ஆயி என்பன தாயைக் குறித்தலானும், தமிழகத்தின் சில பகுதிகளில் ஆயா என்பது பாட்டியைக் குறித்தலானும், இச்சொல் நம் செவிக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் வீட்டுப் பணிப்பெண்ணைக் குறிக்கும் ஆயா போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியிலே குழந்தைகளைப் பேணி வளர்ப்பவளை அது குறித்தது. 1886இல் வெளிவந்த யூல், பேர்னல் ஆகிய இருவரின் 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியமும் இவ்வாறே கொள்கின்றது. கதிரை, மேசை, அலுமாரி, சாவி, குசினி முதலிய சொற்களை எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். போர்த்துக்கேயர் நமக்குத் தந்துசென்ற சொற்களுட் கணிசமானவை வீட்டுக்குள்ளே வழங்குவன. அவ்வீட்டுப் பொருட்களோடு ஒன்றாக ஆயாவும் வந்து சேர்ந்தாள். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மேசையையும் அலுமாரியையும் போல அப்பெயரையும் தமதாக்கிக்கொண்டனர்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றொரு சொல் 'அமா' என்பது. அதுவும் போர்த்துக்கேயமே. சென்னைப் பகுதியில் ஆங்கிலேயர் அதனைப் பாலூட்டுந் தாயைக் குறிக்க வழங்கினர். வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலத் தாய்மார் பலர் தம் குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பெண்ணொருத்தியைப் பாலூட்ட அமர்த்தினர். மருத்துவக் கைந்நூல்கள் அவளது உடல்நலம், உணவு, ஒழுக்கம் என்பவற்றை ஆராயுமாறு விரிவாக அறிவுறுத்தின. பால் சுரக்கும் பெண்ணொருத்திக்குப் பாலுண்ணும் பிள்ளையொன்று இருந்தே தீரும். தன் பிள்ளைக்குரியதையே அவள் விற்றாள் என்பது வெளிப்படை. அப்பிள்ளை என்னவாயிற்று என்ற வினா கைந்நூலாசிரியர்களை அதிகம் வருத்தியதாகத் தெரியவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தரின் இல்லங்களில் ஆயா நிலையான ஓர் உறுப்பாகிவிட்டாள். 1786இல் ஜொஹான் சொஃபனி தீட்டிய, கேணல் பிளேயர் குடும்பத்தினரின் ஓவியத்திலே இந்தியப் பெண்ணொருத்தி ஓரத்தில் நிற்கின்றாள். அதற்கு இருபதாண்டுகள் முன்னர் ஜோஷுவா ரெனோல்ட்ஸ் தீட்டிய ஜோர்ஜ் கிளைவ் குடும்ப ஓவியத்தில் பணிப்பெண் முழந்தாளிட்டுக் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருக்கின்றாள். குடும்பத்தினரின் பெயர்கள் பேணப்பட்டுள்ளன. இப்பெண்கள் 'இந்தியப் பணிப்பெண்', 'இந்திய ஆயா' என்ற அளவிலே நின்றுவிடுகின்றனர். செல்வச் சிறப்பைக் காட்டும் பட்டுத் துணியும் விலையுயர்ந்த அணியும் படத்தில் எதன் பொருட்டு இடம்பெற்றனவோ, அதன் பொருட்டே இவர்களும் இடம்பெற்றனர் எனக் கொள்வதில் தவறில்லை.

ஆயாவாகச் சென்றவர் யாவர்? ஐரோப்பியரின் உணவையும் குழந்தையின் மலசலத்தையும் தொடுதல் சாதி ஒழுக்கத்துக்கு மாறெனக் கருதிய பிரிவினர் இத்தொழிலை நாடவில்லை. வட இந்தியாவில் முஸ்லிம் பெண்களும், சென்னை மாகாணத்தில் கிறித்தவப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்களுமே பெரிதும் இதிலீடுபட்டனர். ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்தமையாற் சென்னை ஆயாக்களுக்குத் தனி மதிப்பிருந்தது. எனவே, இத்தொழில் அப்பெண்களுக்கு இழிவாக மட்டும் அமைந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது. சேரியிலும் வயலிலும் கிடைத்திராத பணச் சம்பளம் அதில் இருந்தது. வேறெந்தத் தொழிலிலும் அவர்களது சாதிப் பெண்கள் காணாத தூர தேசங்களை அவர்களுட் சிலர் கண்டனர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதித் தசாப்தங்களிலே, புதிதாக வந்திறங்கும் ஆங்கிலப் பெண்களுக்கென இல்லப் பரிபாலன நூல்கள் பல வெளிவந்தன. புளோரா அனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்தெழுதிய நூல் அவற்றுட் பிரசித்தமானது. ஊழியரை எவ்வாறு ஆளுதல் வேண்டும் என்பதை நாட்டை ஆளுந் தோரணையிலே அது கூறுகின்றது. இத்தகைய நூல்களில் ஆயா இரு முகங்களோடு தோன்றுகின்றாள். ஒரு முகம் பொறுமையும் அன்பும் வாய்ந்தது. மறுமுகம் ஐயத்துக்குரியது: குழந்தைக்குச் செல்லங் கொடுத்துக் கெடுப்பவள், அழுகையை அடக்க அபின் கொடுப்பவள் என்பது. அபின் கொடுக்கப்பட்டதுண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில், அபின் கலந்த 'கோட்ஃபிரீஸ் கோர்டியல்' என்னும் மருந்து கடைகளிலே தாராளமாக விற்பனையாகி, அந்நாட்டுத் தொழிலாளர் குழந்தைகளை உறங்க வைத்துக்கொண்டிருந்தது என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

இந்நூலாசிரியர்களை அபினைவிடவும் அச்சுறுத்தியது மொழி. ஆயாவிடம் வளர்ந்த குழந்தை முதலிற் பேசியது அவள் மொழியையே. ருட்யார்ட் கிப்ளிங் 1865இல் பம்பாயிற் பிறந்தார். தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் கூறுவது ஆய்வாளர் பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. கத்தோலிக்கப் பெண்ணொருத்தி அவருடைய ஆயா. பிற்பகலில் அவளிடங் கதையும் பாட்டும் கேட்டபின், குழந்தைகள் உடைமாற்றப்பட்டு உணவறைக்கு அனுப்பப்படுவர். பெற்றோரிடம் ஆங்கிலத்திற் பேச வேண்டும் என்ற நினைவூட்டலும் உடன் செல்லும். தாம் சிந்தித்ததும் கனாக் கண்டதும் உள்ளூர் மொழியில் என்றும், ஆங்கிலத்தைத் தயங்கித் தயங்கி அதிலிருந்து பெயர்த்தே பேசியதாகவும் அவர் நினைவுகூர்கின்றார். 1871இல், ஆறு வயது நிறையுமுன்னரே, அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் குழந்தைகளைத் தாயகம் அனுப்பும் வழக்கத்துக்குக் காலநிலையும் கல்வியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆயாவின் மடியிலிருந்து பிள்ளையைப் பிரித்து ஆங்கிலேயனாக்குதலும் அவற்றுக்குச் சற்றுங் குறையாத காரணமாகும். தான் வளர்த்த பிள்ளையை இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகளுக்கொரு முறை இழந்து, வேறொரு வீட்டில் வேறொரு பிள்ளையோடு மீண்டும் தொடங்குவதே ஆயாவின் தொழில் ஒழுங்காயிருந்தது.

இலங்கையிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. ஆயினும் இங்கே சட்டம் அவளைப் பற்றிப் பேசியமை கவனிக்கத்தக்கது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருடன் வீட்டு ஊழியரையும் 'வேலையாள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியதும் அதுவே. 1871இல் இயற்றப்பட்ட வீட்டு ஊழியர் பதிவுக் கட்டளைச் சட்டம், பெண் பணியாளர் உட்பட வீட்டு ஊழியரைப் பதிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் வழங்க ஏற்பாடு செய்தது. வேலையை விட்டு நீங்கும்போது எசமானர் அதில் நடத்தைச் சான்று எழுதுவார். ஊழியரின் நடத்தையை எசமானர் எழுத ஏற்பாடு இருந்தது. எசமானரின் நடத்தையை ஊழியர் எழுதுவதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கப்படவில்லை. எழுத்தறியாத பெண்ணொருத்தி தன்னைப் பற்றிப் பிறர் எழுதிய, தன்னால் வாசிக்கவியலாத ஏடொன்றைத் தன் வாழ்வாதாரமாகக் கையிற் கொண்டு திரிந்த நிலை அக்காலத்துக்கு இயல்பானது.

மலையகத்திலே இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டாயின. துரையின் பங்களாவில் துரைசாணியின் குழந்தையைப் பார்த்தவள் ஆயா. தேயிலை மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்கள் தம் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற பிள்ளைக்காம்பராவில் அக்குழந்தைகளைப் பார்த்தவளும் ஆயா எனப்பட்டாள். முன்னவளுக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள். பின்னவளுக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளைகள். பின்னதைத் தோட்ட நிருவாகம் ஏற்படுத்தியது பிள்ளைகளின் நலங் கருதி மட்டுமன்று. தாயின் இரு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தமையாலுமாகும். பங்களா ஆயாவின் சொந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தது என்ற வினாவுக்கு மலையகத்தில் ஓரளவு விடை கிடைக்கின்றது: லயத்து அறையில் அதன் பாட்டியிடமோ மூத்த பெண்பிள்ளையிடமோ, அன்றேற் பிள்ளைக்காம்பராவிலோ அது வளர்ந்தது.

ஆயா தொழிலின் முரண்பாடுகள் யாவும் மிகத் துலக்கமாக வெளிப்பட்ட இடம் கடலாகும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பும் குடும்பங்கள் பயணத்திற் குழந்தைகளைப் பார்க்க ஆயாவை உடனழைத்துச் சென்றன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் நீண்ட பயணம், 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர்ச் சில வாரங்களாகச் சுருங்கியது. போக்குவரத்துப் பெருகவே, கடற்பயணத்தையே தொழிலாகக் கொண்ட ஆயாக்களும் பெருகினர். எசமானி கடல் நோயாற் கட்டிலிற் கிடக்க, ஆடும் கப்பலிற் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்தவர் இவர்களே. 54 தடவை கடல் கடந்தவளாகக் குறிப்பிடப்படும் ஓர் ஆயாவும் உளள். கப்பல் நிறுவனங்களின் பயணிகள் பட்டியலிலோ இவர்கள் பெரும்பாலும் இன்ன எசமானியின் ஆயா என்றே பதியப்பட்டனர். 54 தடவை கடல் கடந்த மாலுமி ஒருவன் தன் அனுபவத்துக்கேற்பப் பதவியுயர்வு பெற்றிருப்பான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கப்பல் இலண்டனை அடைந்ததும் ஆயாவின் பணி முடிந்தது. ஆனால் அவள் திரும்புவது எங்ஙனம்? கம்பனி ஆட்சிக்காலத்தில், ஊழியரை உடனழைத்துச் செல்வோரிடம் அவர்களைத் திருப்பியனுப்புவதற்குப் பிணைப்பணம் பெறும் வழக்கமிருந்தது. பிற்காலத்தில் இது பெரும்பாலும் எசமானரின் வாய்மொழி வாக்குறுதியாயிற்று. நேர்மையான குடும்பங்கள் திரும்புதற்குரிய பயணச்சீட்டை வாங்கிக் கொடுத்தன. அல்லது இந்தியா செல்லும் வேறொரு குடும்பத்திடம் அவளை ஒப்படைத்தன. ஏனையோர் கைவிட்டனர். 'எங்கள் குடும்பத்தில் ஒருத்தி போல' இருந்தவள் துறைமுகத்தில் இறங்கியதும் எவரையும் அறியாத அந்நியளாயினாள். 1908இல் ஸ்கொத்லாந்து செல்லும் குடும்பமொன்றுக்குக் கைமாற்றப்பட்ட பம்பாய் ஆயா ஒருத்தி, சில வாரங்களுள் வேலை நீக்கப்பட்டு, இலண்டன் கிங்ஸ் குரொஸ் புகையிரத நிலையத்தில் ஒரு பவுணுடன் விடப்பட்டாள். இத்தகைய நிகழ்ச்சிகள் 1910இல் அறிக்கை சமர்ப்பித்த, இடருற்ற குடியேற்ற நாட்டு, இந்தியப் பிரசைகள் பற்றிய ஆய்வுக் குழுவின் கவனத்துக்கும் வந்தன. அரசாங்கம் அறியாமல் நடந்தனவல்ல என்பது இதனாற் பெறப்படும்.

அரசு செய்யாததைச் சமயத் தொண்டர் செய்தனர். இலண்டனின் ஓல்ட்கேற் பகுதியில் நிறுவப்பட்டிருந்த ஆயாக்கள் விடுதியை 1900இல் இலண்டன் நகர மிஷன் பொறுப்பேற்றது. பின் அது ஹக்னியின் கிங் எட்வர்ட்ஸ் வீதி 26ஆம் இலக்க இல்லத்துக்கு மாற்றப்பட்டது. முப்பது அறைகள் கொண்ட அவ்வில்லத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பெண்கள் தங்கிச் சென்றனர். இந்தியரே பெருந்தொகையினர், சீனத்து அமாக்களும் இருந்தனர். 1921இல் அதே வீதியின் 4ஆம் இலக்க இல்லத்துக்கு விடுதி இடம்மாறியது. அதன் செயல்முறை நுணுக்கமானது. ஆயாவை அழைத்து வந்த குடும்பம் கொடுத்த திரும்பற் பயணச்சீட்டை விடுதித் தலைவி வாங்கி வைத்துக்கொள்வாள். இந்தியா செல்ல ஆயத்தமாகும் குடும்பமொன்று ஆயா தேடி வந்தால், அச்சீட்டை அவர்களுக்கு விற்று, அப்பணத்தால் ஆயாவின் தங்குசெலவை ஈடுசெய்வாள். இவ்வாறு திரும்பும் பயணமும் வேலையாயிற்று. சீட்டோடு வந்தவள் நிலை இது. சீட்டின்றி வந்தவள் எவரேனும் தன்னை அமர்த்தும் வரை காத்திருந்தாள்.

அவ்விடுதி மதமாற்ற நோக்குடையதென்பதை அதனை நடத்தியோர் மறைத்திலர். செபமும் துதிப்பாடலும் நாளொழுங்கில் இடம்பெற்றன. இதனைக் கொண்டு அதனை முற்றாகப் பழித்தல் தகாது. பனிக்காலத்து இலண்டனிலே கூரையும் உணவும், தன் மொழி பேசும் பெண்களின் துணையும் அவளுக்குக் கிடைத்த இடம் அதுவேயாகும். வெவ்வேறு துறைமுகங்களிலிருந்து வந்த ஆயாக்கள் ஒரே மேசையைச் சுற்றியிருந்து தம் எசமானரைப் பற்றிப் பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை. எத்தனை வீடுகளின் உண்மை வரலாறு அம்மேசையிலே உரைக்கப்பட்டிருக்கும்! முதலாம் உலகப் போரின்போது பெண்களின் கப்பற் பயணம் தடைப்படவே, நாடு திரும்பவியலாது அவ்விடுதியிலே தங்கியோர் தொகை கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் விடுதி நிலைக்கவில்லை. 2022இல் அக்கட்டடத்தின் முகப்பில் நினைவுப் பலகையொன்று பதிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் வெளியேறிய பின்னரும் ஆயா வெளியேறவில்லை. கொழும்புக் கறுவாத்தோட்டத்துச் சிங்கள, தமிழ், பறங்கிக் குடும்பங்கள் குடியேற்றக்காலத்திலேயே இவ்வழக்கத்தைத் தழுவியிருந்தன. அலுவலகஞ் செல்லும் மத்தியதர வகுப்பினர் அதனைத் தொடர்ந்தனர். 'பிள்ளை பார்க்க' என்று தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர் பலர் தாமே பிள்ளைகளாயிருந்தனர். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் தொழிலாளர் வரலாற்றிற் பெருஞ் சாதனைகளாகப் போற்றப்படுவன. வீட்டுக்குள் வேலை செய்பவள் அவ்விரண்டின் பாதுகாப்புக்கும் வெளியே விடப்பட்டாள். அச்சட்டங்களை ஆக்கியோரின் வீடுகளிலும் ஆயாக்கள் இருந்தனர்.

1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், ஆயாவின் கடற்பயணம் புதிய வடிவிலே தொடங்கியது. இம்முறை எசமானியுடன் அன்று. முகவர் வழியே, தனியாக, மேற்காசியாவுக்கு விமானத்தில் அவள் சென்றாள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களில் இலங்கையிலிருந்து தொழில் தேடி வெளிநாடு சென்றோருட் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பிள்ளை பார்த்தல் என்பது அவர்களது ஒப்பந்தத்திலே தனியாக எழுதப்பட்டிருப்பினும் இல்லாவிடினும் வீட்டுவேலையுடன் ஒட்டிக்கொண்டு வந்தது. மூதூரிலிருந்து 2005இற் சவூதி அரேபியா சென்ற தமிழ் பேசும் முஸ்லிம் பெண்ணொருத்தியிடம், சென்ற சில வாரங்களுள், நான்கு மாதக் குழந்தையொன்று ஒப்படைக்கப்பட்டது. புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்கு மூச்சுத் திணறியதென்பது அவள் கூற்று. கழுத்தை நெரித்தாள் என்பது குற்றச்சாட்டு. பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவளுக்கு 17 வயது. கடவுச்சீட்டிலோ வயது கூட்டப்பட்டிருந்தது. விசாரணையின்போது அவளுக்குச் சட்டத்தரணி இருந்திலர். அவளது தமிழை அரபுக்கு ஆக்கியவர் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரல்லர். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

அதே ஆண்டில் இலங்கை அரசு, வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் நடைமுறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுடைய தாய் செல்லவியலாதென அது விதித்தது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகளை அவள் இல்லாதபோது யார் பராமரிப்பார் என்பதையும் வினவியது. அமாவின் பாலை ஆராய்ந்த மருத்துவரும், ஆயாவின் நடத்தையைப் புத்தகத்திற் பதிந்த எசமானரும் கேளாத வினா அது. கிராம சேவகர் முதலாய உத்தியோகத்தர் முன்னிலையில் அதற்கு விடையளிக்க வேண்டியவளாக நிறுத்தப்பட்டவள் தாய். கடல் கடந்து செல்லும் தந்தையிடம் அந்த அறிக்கை கேட்கப்படவில்லை.